துரு காக்கும் பெயர்கள்: வந்தாறுமூலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் நுண்கலையும் பயிலும் மாணவர்களுக்கு,

பழைய இரும்புப் படைக்கலத்தின் மீது அதை வடித்த கொல்லன் வெட்டி வைத்த பெயர், நூற்றாண்டுகள் துருவேறித் தேய்ந்த பின்னரும் பெரும்பாலும் வாசிக்கத்தக்க நிலையிலேயே எஞ்சுகிறது என்பதையும், அப்பெயரைக் காலம் அழித்ததைக் காட்டிலும் அதைத் துலக்கிப் பார்க்க விரும்பிய நல்லெண்ணக் கைகள் அழித்ததே அதிகம் என்பதையும் எடுத்துரைப்பதற்காக இம்மடல் எழுதப்படுகிறது. இதற்கு எடுத்துக்காட்டாக யப்பானிய ஈட்டி தெரிந்தெடுக்கப்பட்டிருப்பது தொலைதூரப் பொருளின் மீதுள்ள கவர்ச்சியால் அன்று. உலோகத்தில் உள்ள பெயர்ப்பொறிப்பை வாசிப்பதை அந்நாட்டார் அளவுக்கு ஒழுங்கும் கண்டிப்பும் உடைய கல்வியாக வளர்த்தவர்கள் மிகச் சிலர் என்பதும், அக்கல்வியின் பெரும்பகுதி மட்டக்களப்பு வாவிக் கரையில் உள்ள இரும்புக்கும் வெண்கலத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதுமே காரணம்.

பல்கலைக்கழக வாயிலிலிருந்து வடக்கே மாவடிவேம்பைத் தாண்டினால் வரும் சித்தாண்டியிலும், வாவியின் தென்மேற்குக் கரையில் மண்டூரிலும், இன்னும் தெற்கே திருக்கோவிலிலும், வடக்கே வெருகலிலும் முருகன் வழிபாட்டின் நடுவே நிற்பது வேல். இப்பகுதியின் பழைய பெருங்கோயில்களைத் திருப்படைக் கோயில்கள் என்று வழங்கும் மரபும் உண்டு. கோயில் வேல்களோடு மணிகள், தூண்டாமணி விளக்குகள், ஊர்க் குடிகளின் வீடுகளில் பேணப்படும் பழைய வாள்கள், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் பீரங்கிகள் ஆகியனவும் எழுத்தோ குறியோ தாங்கக்கூடிய உலோகப் பொருள்கள். ஆயினும் கல்லின் மீதுள்ள எழுத்தைத் தேடிச் செல்லும் ஆர்வம் நம் ஆய்வாளரிடையே வேரூன்றிய அளவுக்கு உலோகத்தின் மீதுள்ள எழுத்தைத் தேடும் ஆர்வம் வேரூன்றவில்லை. திருவிழா நெருங்கும்போது அப்பொருள்கள் புளியிட்டும் சாம்பலிட்டும் பளபளக்கத் துலக்கப்படுவதைக் கண்டு மகிழ்பவர்களே எங்கும் மிகுதி.

யப்பானிய ஈட்டிக்கு யரி என்று பெயர். கி.பி. 14ஆம் நூற்றாண்டிலிருந்து அதன் பயன்பாடு பெருகி, 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் காலாட்படையின் முதன்மையான படைக்கலமாக அது மாறியது. நேரான அலகுடையதை ஸு யரி என்றும், இரு பக்கமும் கிளைத்துச் சிலுவை வடிவு கொண்டதை ஜூமொஞ்சி யரி என்றும் வகுப்பர். நம் ஊர் வேல் பெரும்பாலும் குழல் போன்ற அடியைக் காம்பின் மேல் மாட்டி நிறுத்தப்படுவது. யரியோ அலகிலிருந்து கீழ்நோக்கி நீளும் இரும்பு வாலைக் காம்பின் உள்ளே செருகி, குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணியால் இறுக்கப்படுவது. நககோ எனப்படும் இந்த வால் பல ஈட்டிகளில் அலகைவிட நீளமாகவே இருக்கும். தொகுகவா இயெயசுவின் தளபதியான ஹொண்டா ததகத்சு ஏந்திய தொம்போகிரி என்னும் புகழ்பெற்ற ஈட்டியின் அலகு 43.7 செ.மீ. ஆக, அதன் வால் 55.6 செ.மீ. நீள்கிறது. கொல்லன் தன் பெயரை வெட்டுவது இந்த வாலில்தான். அலகைக் களிமண் பூசி நெருப்பிலிட்டு நீரில் தோய்த்துக் கடினமாக்குவதால் அதன் மீது உளி ஓடாது. அவ்வாறு தோய்க்கப்படாத வால் மென்மையாக இருப்பதால் எழுத்து வெட்ட இடங்கொடுக்கும். எனவே பெயர் காம்புக்குள் மறைந்து, ஈட்டியைப் பிடித்தவனுக்குக்கூடத் தெரியாமல், கழற்றிப் பார்ப்பவனுக்கு மட்டுமே புலப்படும் இடத்தில் இருக்கிறது.

இவ்வாறு மறைவிடத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தைக் கலைஞனின் தற்பெருமையாக மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. கி.பி. 757இல் நடைமுறைக்கு வந்த யோரோ சட்டத்தொகுப்பு, அரசுக்காகச் செய்யப்படும் படைக்கலங்களில் செய்த காலத்தையும் செய்தவனின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. போர்க்களத்தில் முறிந்துபோகும் இரும்புக்கு யார் பொறுப்பு என்பதை அறிவதற்கான ஏற்பாடாக அது இருந்தது. புகழுக்கான அடையாளமாக அது வளர்ந்தது பின்னரே. தமிழ் மரபில் இதற்கு நேரெதிரான நிலையைக் காணலாம். புறநானூற்றின் 312ஆம் பாடல் வேல் வடித்துத் தருவதைக் கொல்லனின் கடனாக, தாய் தந்தை வேந்தன் ஆகியோரின் கடன்களுக்கு இணையாக வைத்துப் பேசுகிறது. அதைப் பாடிய பொன்முடியாரின் பெயர் ஈராயிரம் ஆண்டுக்கு அண்மையாக நிலைத்திருக்க, வேல் வடித்த கொல்லனின் பெயரை அப்பாடல் சொல்லவில்லை. கொழும்பிற் பிறந்து, 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, மரபுக் கைவினைஞன் தன் பெயரை முன்னிறுத்தாமையை ஒரு சிறப்பாகவே கருதினார். அக்கருத்துக்கு ஆழம் உண்டு எனினும், பெயர் வெட்டும் வழக்கம் இல்லாமையும் வெட்டிய பெயரைப் பின்வந்தோர் தேய்த்து அழித்தமையும் ஒன்றல்ல. எது நிகழ்ந்தது என்பதை அந்தந்தப் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

யப்பானியர் இக்கல்வியில் முதலில் கற்பிக்கும் விதி கடுமையானது: வாலில் உள்ள துருவைத் தொடக்கூடாது. அலகு எத்தனை முறை வேண்டுமானாலும் தேர்ந்த மெருகாளரிடம் செல்லலாம். வால் ஒருபோதும் மெருகேற்றப்படுவதில்லை. காரணம் இரண்டு. காற்றும் மரமும் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் உருவாக்கிய கருந்துரு, இறுகிய மெல்லிய போர்வையாக இரும்பை மேலும் அரிக்கப்படாமல் காப்பது முதலாவது. அத்துருவின் நிறமும் தடிப்பும் படிந்துள்ள விதமும் பொருளின் வயதை மதிப்பிட உதவும் சான்றாக இருப்பது இரண்டாவது. உளியால் வெட்டப்பட்ட கோட்டின் அடியிலும் அதைச் சுற்றியுள்ள பரப்பிலும் ஒரே தன்மையுள்ள துரு படிந்திருந்தால் எழுத்தும் வாலும் ஒன்றாக மூத்தவை என்று கொள்ளலாம். பரப்பு கறுத்திருக்க வெட்டின் அடி மட்டும் செந்நிறமாக இருந்தால், எழுத்து பின்னாளில் சேர்க்கப்பட்டது என்ற ஐயம் எழும். துருவைச் சுரண்டிவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாட்டுப் படைவீரர்கள் நினைவுப்பொருளாக எடுத்துச் சென்ற படைக்கலங்கள் பலவற்றின் வால்கள் வீடுகளில் பளிச்சென்று தேய்க்கப்பட்டு, எழுத்தின் ஆழமற்ற கோடுகள் மறைந்து, ஆய்வாளர் கையில் வெறும் இரும்பாகத் திரும்பி வந்தன. புறநானூற்றின் 95ஆம் பாடலில் தொண்டைமானின் நெய் பூசிய படைக்கலங்களையும், நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடந்த அதியமானின் வேல்களையும் அருகருகே வைத்துக் காட்டிய ஔவையார், தேய்மானமே ஒரு பொருளின் வரலாறு என்பதை நன்கு அறிந்திருந்தார்.

எனினும் யப்பானிய விதியை வாவிக்கரைக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு கவனம் தேவை. இங்குள்ள காற்றில் உப்பு உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈரம் நீங்குவதே இல்லை. உப்பு துருவின் அடியில் புகுந்துகொண்டால் அது ஈரத்தை இழுத்து, செம்மஞ்சள் நிறத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும் துருவை உண்டாக்கும். இது இரும்பைக் காப்பதில்லை, தின்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய வானூர்திகள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் உடலை இத்தனை ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருப்பதும் இதே உப்புத்தான். ஆகவே கருந்துருவையும் செந்துருவையும் வேறுபடுத்தி அறிவதே முதற்பாடம். செந்துரு காணப்படும் பொருளை உலர்ந்த இடத்துக்கு மாற்றி, பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் காட்டுவது போதும். மாணவர் தாமே சுரண்டத் தொடங்குவது எந்நிலையிலும் தகாது.

துருவைத் தொடாமல் எழுத்தை எவ்வாறு காண்பது என்ற வினாவுக்கு விடை ஒளியில் இருக்கிறது. பொருளுக்கு நேர்மேலிருந்து விழும் ஒளியில் ஆழம் தெரியாது. பரப்பை ஏறத்தாழத் தடவிச் செல்லும் தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளியிலேயே பள்ளமும் மேடும் நிழலால் பிரியும். ஆனால் ஒரு கோடு நிழல் தருவது ஒளி அதைக் குறுக்கே கடக்கும்போது மட்டுமே. கிடைக்கோடுகள் மிகுந்த ஓர் எழுத்தின் மீது பக்கவாட்டிலிருந்து ஒளி விழுந்தால் ஒளி அக்கோடுகளோடு இணைந்தே ஓடுவதால் எழுத்தின் பெரும்பகுதி காணாமற்போகும். அதே தாழ்ந்த ஒளி எழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து வந்தால் அது துலங்கும். எனவே ஒரே இடத்தில் நிறுத்திய படக்கருவியைக் கொண்டு, விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தி, குறைந்தது எட்டுத் திசைகளிலிருந்து படம் எடுக்க வேண்டும். 2001இல் தொம் மல்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறை, இவ்வாறு எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றிணைத்து, பின்னர் திரையிலேயே ஒளியை விரும்பிய திசையில் நகர்த்திப் பார்க்க வழி செய்தது; இன்று அதற்குரிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மென்பொருள் இல்லாத இடத்தில் கைப்பேசியும் ஒரு கைவிளக்கும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

படியெடுத்தலில் மாணவர் அறிந்த மைப்படி முறையை உலோகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. கல்வெட்டின் மீது நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் இறக்கி, மேலே மையொற்றும் அம்முறையின் உயிர் நீர். இரும்புக்கு அது பகை. யப்பானியர் ஒஷிகதா எனப்படும் படியில், மெல்லிய உலர்ந்த தாளை வாலின் மீது இறுகப் பிடித்து, புகைக்கரியும் மெழுகும் கலந்த கட்டி மையை மென்மையாகத் தேய்க்கிறார்கள். மேடான பரப்பு கறுக்க, வெட்டிய கோடுகள் வெண்மையாக நிற்கின்றன. ஒளிப்படத்தில் நிறமாற்றமும் பள்ளமும் குழம்பும். ஒஷிகதாவில் நிறத்துக்கு இடமே இல்லாததால் பள்ளம் மட்டும் எஞ்சும். வால்களின் வடிவையும் பெயர்களையும் திரட்டி வைக்கும் பழக்கம் அங்கு எவ்வளவு பழையது என்பதற்கு, 1423இல் படியெடுக்கப்பட்டு இன்றும் டோக்கியோவின் தேசிய நூலகத்தில் உள்ள கன்சி-இன் மெய்ஸுகுஷி என்னும் ஏடு சான்று. ஒரு தேய்ந்த பெயரை வாசிப்பவர் தம் கண்ணை மட்டும் நம்பி நிற்காமல், அதே கொல்லனின் தெளிவான பெயர்கள் பதிந்த முந்தைய படிகளோடு ஒப்பிட்டு நோக்க முடிவது இத்தொடர்ச்சியால்தான்.

வாசிப்புத் தொடங்கும் இடம் தெளிவற்ற நடுப்பகுதி அன்று. யப்பானியப் பெயர்ப்பொறிப்பு மேலிருந்து கீழாக எழுதப்படுவது; நாட்டுப்பகுதி, கொல்லனுக்கு வழங்கப்பட்ட பட்டம், பெயர், இறுதியில் 'செய்தான்' என்னும் பொருளுடைய ஸகு என்ற எழுத்து என்பது நீண்ட பொறிப்பின் வழக்கமான வரிசை. மறுபக்கத்தில் காலம் வெட்டப்பட்டிருந்தால் அரசாண்ட காலத்தின் பெயரும் ஆண்டும் வர, மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும். ஆகவே அடியில் உள்ள ஸகுவை அடையாளம் கண்டவுடன் அதற்கு மேலே உள்ள இரண்டு எழுத்துகள் பெயராக இருக்கக்கூடும் என்று ஊகித்து, தெரிந்த எல்லையிலிருந்து தெரியாததை நோக்கி ஏறலாம். பிறகு ஒவ்வொரு கோடாகப் பார்க்க வேண்டும். உளியைச் சாய்த்து வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்துவதால் கோடு சிறு ஆப்புகளின் தொடராக அமைகிறது. அதில் தொடக்கமும் திசையும் முடிவும் உண்டு. துரு அரித்த குழிக்குத் திசை இல்லை. வாலை அரத்தால் ராவிய பின்னரே பெயர் வெட்டப்படுவதால், அரத்தின் கீறல்களை எழுத்து வெட்டிச் செல்ல வேண்டும். கீறல் எழுத்தின் மீது ஏறிச் சென்றால் யாரோ பின்னாளில் ராவியிருக்கிறார்கள். ஆணித்துளை எழுத்தின் நடுவே பாய்ந்திருக்கும் இடங்களும், நீண்ட வாலை வெட்டிக் குறுக்கியதால் பெயரின் கீழ்ப்பாதி மறைந்த இடங்களும் ஈட்டிகளில் சாதாரணம். அவ்விடங்களில் எஞ்சிய கோடுகளை எண்ணி, அவற்றின் இடைவெளியை அளந்து, பொருந்தக்கூடிய எழுத்துகளின் பட்டியலை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

பெயர் முழுவதும் வாசிக்கப்பட்ட பின்னரும் வினா தீர்வதில்லை. தம்பிலுவில் கல்வெட்டில் விசயபாகுவின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நின்றும், அப்பெயரில் இலங்கையை ஆண்ட அரசர் பலர் இருந்தமையால் எழுத்தமைதியையும் மொழியையும் பிற சான்றுகளையும் நாட வேண்டியிருந்ததை வரலாற்று மாணவர் அறிவர். கொல்லர் பெயர்களிலும் நிலை இதுவே. தந்தை பெயரை மகனும் மாணவனும் தலைமுறைதோறும் ஏற்றுக்கொள்வது அங்கு வழக்கம். தொம்போகிரியின் வாலில் புஜிவரா மஸஸனே செய்தான் என்று வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் மஸஸனே என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட கொல்லர் இருந்திருக்கின்றனர். மீனோ நாட்டுப்பகுதியின் செகி என்னும் ஊரில் கனெஸதா என்ற பெயரில் வேலை செய்த இருவரை அறிஞர் பிரித்தறிவது மிக நுட்பமான ஒரு வேறுபாட்டால்: ஸதா என்னும் எழுத்தின் கீழ்ப்பகுதியை ஒருவர் ஒரு வடிவிலும் அடுத்தவர் வேறொரு வடிவிலும் வெட்டினர். அந்த எழுத்தின் கீழே உள்ள இரண்டு மூன்று கோடுகள் தேய்ந்துபோனால் இரு மனிதர்கள் ஒருவராகிவிடுவார்கள். அவர்களுள் மூத்தவரான இஸுமி நோ கமி கனெஸதா செய்த சிலுவை ஈட்டி ஒன்று மொரி நகயொஷி என்னும் தளபதியுடையதாகப் புகழ்பெற்றது.

பெயருக்கு விலை இருப்பதால் போலிப் பெயர்களும் உண்டு. புகழ்பெற்ற கொல்லனின் பெயரைப் பிறர் வேலையின் மீது வெட்டுவதைக் கிமெய் என்பர். பாரசீக வாள்களில் அஸதுல்லா என்ற பெயருக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ஆகையால் தேர்ந்த யப்பானிய ஆய்வாளர் அலகின் வடிவு, இரும்பின் இழையோட்டம், தோய்த்த விளிம்பின் கோலம் ஆகியவற்றைப் பார்த்து இது எந்தக் காலத்தது, எந்த வழியினது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, இறுதியிலேயே பெயரை நோக்குகிறார். அலகு சொல்வதைப் பெயர் மறுத்தால் ஐயம் பெயரின் மீதே விழுகிறது. தொம்போகிரியோடு சேர்த்து யப்பானின் மூன்று பேரீட்டிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டு இன்று ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் உள்ள நிஹொங்கோவில் கொல்லன் பெயரே கிடையாது. ஏறத்தாழ 79 செ.மீ. நீளமுள்ள அதன் அலகே அதன் சான்று. மூன்றாவதான ஒதெகினெ, ஷிமதாவைச் சேர்ந்த கிஸுகெ என்பவர் பெயர் வெட்டிச் செய்தது. அலகு மட்டும் 138 செ.மீ. நீண்ட அப்பேரீட்டி 1945இல் டோக்கியோ மீது நடந்த வான்தாக்குதலில் எரிந்து சிதைந்தது. பிற்காலக் கொல்லர்கள் அதன் பிரதியை வடிக்க முனைந்தபோது கைகொடுத்தவை முன்னோர் எடுத்து வைத்த பதிவுகளே.

உலோகத்தில் உள்ள பெயர் செய்தவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1689இல் ஆதோனிக் கோட்டையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தென்னாட்டுப் படைக்கலங்கள் பலவற்றில் பிக்கானீர் அரண்மனையார் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள், அவை எங்கே எப்போது கைப்பற்றப்பட்டன என்பதைச் சொல்கின்றன; வடித்தவரைப் பற்றி அவை பேசவில்லை. நியூசிலாந்தில் மவோரி மக்கள் சமையற்கலமாகப் பயன்படுத்தி வந்ததை வில்லியம் கொலென்ஸோ 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டெடுத்த வெண்கல மணியின் விளிம்பில் உள்ள தமிழ் எழுத்து, அது முகைதீன் பக்ஸ் என்னும் கப்பலுக்குரிய மணி என்று அறிவிக்கிறது. உருளைக்கிழங்கு அவித்த அக்கலத்தை எவரும் பளபளக்கத் தேய்த்துவிடாமல் இருந்தது தமிழுக்குக் கிடைத்த பெரும் நன்மை. மட்டக்களப்புப் பீரங்கிகளை நோக்குவோரும் ஒல்லாந்தக் கம்பனியின் குறி, வார்த்தவனின் பெயர், எடைக்கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் தனித்தனியே பதிய வேண்டும்.

இனி மாணவர்களிடம் இம்மடல் கேட்டுக்கொள்வது. மண்டூரில் கப்புகனார் வாய்கட்டிப் பூசை செய்யும், திரைக்குப் பின்னாலேயே வைத்து வணங்கப்படும் பொருளைப் பார்க்க வேண்டும் என்று எந்த ஆய்வின் பெயராலும் கேட்க வேண்டாம். மூலத்தானத்துக்குரியவை ஆய்வுக்கு அப்பாற்பட்டவையாகவே இருக்கட்டும். வெளி மண்டபத்து மணிகள், பாவனையிலிருந்து நீக்கப்பட்ட வேல்கள், களஞ்சிய அறையில் கிடக்கும் விளக்குத் தண்டுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரிடம் முறைப்படி அனுமதி பெற்று, திருவிழாவுக்கான துலக்கல் தொடங்குவதற்கு முன்பே செல்லுங்கள். பொருளின் குழலடி, காம்பு மறைத்த பகுதி, ஆணித்துளையின் சுற்றுப்புறம் ஆகிய கை படாத இடங்களையே முதலில் நோக்குங்கள். தாழ்ந்த ஒளியில் எட்டுத் திசைப் படங்களையும் உலர்ந்த தாளில் ஒரு படியையும் எடுத்து, நீளம், எடை, துருவின் நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். வாசிக்க முடிந்த எழுத்தையும் ஊகித்த எழுத்தையும் கல்வெட்டுப் பதிப்புகளில் செய்வதுபோல் வெவ்வேறு அடைப்புக்குறிகளால் பிரித்துக் காட்டுங்கள். ஒன்றுமே தென்படாத பொருளுக்கும் 'எழுத்து இல்லை' என்று ஒரு தாள் இருக்கட்டும், ஏனெனில் அடுத்து வரும் ஆய்வாளருக்கு அதுவும் செய்திதான். ஒவ்வொரு பதிவிலும் ஒரு படியைக் கோயில் நிர்வாகத்திடமும் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஒப்படைத்துவிட்டு, அவ்வாண்டுத் துலக்கலின்போது எந்தெந்த இடத்தைத் தேய்க்காமல் விடவேண்டும் என்பதைத் துலக்கும் கைகளுக்கு உரியவர்களிடமே நேரில் காட்டிச் சொல்லி வாருங்கள்.